பொற்கால ஏக்கம்: சின்னக் கழகமொன்றின் நல்ல நாட்களை விளங்கிக்கொள்ள ஒரு கைநூல்

பின்னேரம் நாலரை மணிக்குத் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். உள்ளே இளைஞர்கள் உதைபந்தாட்டம் விளையாடுவார்கள். மதிலோரம் நிற்கும் பெரியவர்களோ அதே புல்லில் வேறொரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இந்தப் பந்தை எங்கட லெஃப்ட் அவுட் பொடியன் எண்டா விட்டிருக்க மாட்டான்" என்பார் ஒருவர். அந்தப் பொடியனுக்கு இன்று அறுபது வயது நெருங்கியிருக்கும். கழகத்துக்குப் புதிதாக வந்தவருக்கு இந்தப் பேச்சு முதலில் சுவையாக இருக்கும், பிறகு அலுக்கும், அதன் பிறகு கொஞ்சம் கோபமும் வரும். அதை அலசத் தெரிந்தால், கழகத்துக்கு அதைவிடப் பயனுள்ள சொத்து வேறில்லை. எப்படி அலசுவது, எதை நம்புவது, எதைச் சரிபார்ப்பது, எப்படி எழுதி வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நொஸ்டால்ஜியா என்ற சொல் 1688இல் உண்டானது. ஊரை விட்டுத் தொலைவில் வாழ்ந்த சுவிஸ்காரர்களைப் பிடித்த வாட்டத்துக்கு யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வைத்த பெயர் அது. 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை அவர் ஒட்டினார். அன்று அது ஒரு நோயின் பெயர், இன்று யாரும் அதை நோயாகக் கொள்வதில்லை. பந்தாட்ட ரசிகரின் ஏக்கத்தில் மூன்று சரக்குகள் கலந்திருக்கின்றன: அணி உண்மையிலேயே செய்த சாதனை, அப்போது நமக்கு இருந்த வயது, அப்போது ஊர் இருந்த நிலை. மூன்றும் ஒரே பானையில் வெந்துவிட்டதால் எது எதன் ருசி என்று தெரிவதில்லை. அவற்றைப் பிரித்தெடுப்பதே முதல் வேலை.

வயதிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதைப் பிரிப்பது சுலபம். நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைக் கேட்டால், 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே அதிகமாக வரும். உளவியலாளர்கள் இதை ஒரு மேடு என்கிறார்கள். வாழ்க்கையைக் கோடாக வரைந்தால் அந்த இடத்தில் நினைவுகள் குவிந்து மேடு தட்டியிருக்கும். ஆகவே ஒருவர் "1985 தொடக்கம் 1990 வரைதான் டீம்" என்றால், அவர் பிறந்த ஆண்டைக் கேளுங்கள். 1970 என்றால் பேசுவது அணியா அவருடைய பதினைந்து வயதா என்று சொல்ல முடியாது. அதே ஆண்டுகளை 1950இல் பிறந்தவரும் 1970இல் பிறந்தவரும் தனித்தனியாகச் சொன்னால், அங்கே உண்மையான சாதனை இருக்க வாய்ப்பு அதிகம். குறைந்தது 15 ஆண்டு வயது வித்தியாசம் உள்ள இருவரிடம் கேட்காமல் எந்தக் காலத்தையும் பொற்காலம் என்று கழகப் புத்தகத்தில் எழுதாதீர்கள்.

ஊரின் நிலையைப் பிரிப்பது கடினம், திருகோணமலையில் இன்னும் கடினம். ஒரு பழைய குழுப்படத்தை வைத்து, நிற்பவர் ஒவ்வொருவரையும் தொட்டு "இவர் இப்ப எங்க?" என்று கேட்டால் லண்டன், ரொறன்ரோ, கட்டார் என்று பதில் வரும். சில முகங்களுக்குப் பதில் வராது. சொல்பவர் பேச்சை மாற்றிவிடுவார். 1983க்கு முன்பு ஒரே அணியில் ஆடிய அயலவர்கள், இடம்பெயர்ந்த வீடுகள், ஊரடங்கால் நின்றுபோன பின்னேரங்கள் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர் "அந்தக் காலம் திரும்பாது" என்னும்போது அவர் நினைப்பது கிண்ணத்தை அல்ல. இந்த இடத்தில் திருத்தவோ விவாதிக்கவோ வேண்டாம். கேட்டுக்கொண்டு இருங்கள். பிரிக்க வேண்டியது உங்கள் குறிப்புப் புத்தகத்தில், அவருடைய முகத்துக்கு முன்னால் அல்ல.

சின்னக் கழகம் என்றால் என்ன

ரசிகர் தொகையை வைத்துச் சின்னது பெரியது சொல்லக்கூடாது. நல்ல ஆட்டக்காரன் ஒருவனைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வலுவில்லாத கழகம் சின்னக் கழகம். இந்த அளவுகோலை வைத்தால் திருகோணமலை மாவட்டத்தின் உவர்மலையிலும் பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள கழகங்களும், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் போன்றவையும் ஒரே குடும்பம்.

ஃபொரெஸ்டின் கதை எல்லாச் சின்னக் கழக ரசிகருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1975 ஜனவரியில் பிரையன் க்ளஃப் பயிற்றுநராக வரும்போது அணி இரண்டாம் பிரிவில் கிடந்தது. 1977இல் மூன்றாம் இடம் பிடித்து மேலே ஏறியது. ஏறிய முதல் பருவத்திலேயே, 1978இல், இங்கிலாந்தின் சம்பியன். 1979இல் மல்மோவையும் 1980இல் ஹம்பேர்க்கையும் 1–0 என்று வென்று இரண்டு முறை ஐரோப்பியக் கிண்ணம். உள்நாட்டு லீக்கை ஒரே ஒரு தடவை வென்ற கழகம் ஐரோப்பாவை இரண்டு தடவை வென்றிருக்கிறது. 1993இலும் 1997இலும் 1999இலும் மேல்பிரிவிலிருந்து இறங்கியது, 2005இல் மூன்றாம் பிரிவுக்கே போனது, 2022இல்தான் மீண்டும் மேலே வந்தது. 1999இல் இறங்கிய நாள் தொடக்கம் 23 ஆண்டுகள் அங்கே ஒரு தலைமுறை தகப்பன்மாரின் வாயிலிருந்து மட்டும் கழகத்தை அறிந்து வளர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளின் நிலையும் அதுவே.

நல்ல நாட்கள் ஏன் நீடிப்பதில்லை

பெரும்பாலும் சின்னக் கழகத்தின் பொற்காலம் ஒரு பாடசாலையின் ஒரே வகுப்பு. 19 வயதின் கீழ் அணியில் ஒன்றாக ஆடிய ஆறேழு பேர் ஒன்றாகக் கழகத்துக்கு வருகிறார்கள். யார் எங்கே ஓடுவான் என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தேவையில்லை. நாலைந்து ஆண்டுக்குப் பிறகு ஒருவனை இராணுவம், கடற்படை, பொலிஸ் போன்ற சேவை அணியொன்று எடுக்கும். ஒருவன் கொழும்புக் கழகத்துக்குப் போவான். இரண்டு பேர் வளைகுடாவுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போவார்கள். போகும் வயது 22 முதல் 25, அதாவது ஆட்டம் முற்றி வரும் வயது. அணி ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் நடுவரிசை போகும், அடுத்த ஆண்டு கோல் காப்பாளர், அதன் பிறகு தோல்விகள் தொடங்கும். அதனால்தான் "யார் போனதால் விழுந்தோம்" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாரும் சொல்வது ஓரளவு சரி.

இரண்டாவது காரணம், எல்லாவற்றையும் ஒரே ஆள் சுமப்பது. பந்து வாங்கியவர், வாடகைக்கு வான் பிடித்தவர், லீக் கூட்டத்துக்குப் போனவர், சண்டை விலக்கியவர் எல்லாம் ஒருவராகவே இருப்பார். அவர் நோயில் விழுந்ததும் கழகம் விழும். குழுப்படத்தில் அவர் பெரும்பாலும் ஓரத்தில், ஜேர்சி இல்லாமல், சட்டையோடு நிற்பார். படங்களில் அவரைத் தேடுங்கள்.

மூன்றாவது மைதானம். பயிற்சி இடத்தில் கட்டடம் எழும்பினாலோ முகாம் வந்தாலோ அணி அலையத் தொடங்கும். வாரத்துக்கு ஐந்து நாள் ஆடியவர்கள் இரண்டு நாள் ஆடினால் ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும். இதை யாரும் பெரிதாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் எங்கள் கணிப்பில் திறமைக் குறைவை விட இதுதான் அதிகக் கழகங்களைச் சாய்த்திருக்கிறது.

உங்கள் கழகத்தில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு பெரிய தாள் போதும். ஓர் ஆண்டுக்கு ஒரு வரி. குறுக்கே எட்டு நிரல்: தலைவர், பயிற்றுநர், கோல் காப்பாளர், பயிற்சி இடம், வாரத்தில் பயிற்சி நாள், புதிதாக வந்தவர் எந்தப் பாடசாலை, விட்டுப் போனவர் எங்கே, பணம் எங்கிருந்து. ஒன்பதாவதாக முடிவுகள். முடிவுகளை எழுதும் நிரலை மடித்து மறைத்துவிட்டு மற்றதை நிரப்புங்கள். முடிவு தெரிந்தால் கை தானாகவே காரணத்தைப் பொருத்திவிடும். நிரப்பி முடித்து மடிப்பை விரித்தால், வீழ்ச்சிக்கு ஓரிரு ஆண்டு முன்பே எந்த நிரலில் மாற்றம் தொடங்கியது என்று தெரியும்.

கிண்ணம் எவ்வளவு கனம்

"மூன்று வருசம் தொடர்ந்து ஃபைனல் போனோம், ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வருந்துபவர்கள் உண்டு. வருந்தத் தேவையில்லை என்று கணக்கு சொல்கிறது. 16 அணிகள் மோதும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியில் கிண்ணம் எடுக்க 4 ஆட்டம் தொடர்ந்து வெல்ல வேண்டும். 32 அணி என்றால் 5. ஒவ்வொரு ஆட்டத்திலும் 100க்கு 60 வெல்லும் வாய்ப்புள்ள நல்ல அணியை எடுங்கள். 0.6ஐ நான்கு முறை பெருக்கினால் 0.13. அதாவது எட்டுத் தடவை இறங்கினால் ஏறக்குறைய ஒரு தடவைதான் கிண்ணம். ஐந்து ஆட்டம் என்றால் 0.08 மட்டுமே. ஆகவே கிண்ணம் இல்லாததால் அணி நல்லதில்லை என்று முடிவு கட்டக்கூடாது. இதே கணக்கின் மறுபக்கம்: ஐந்து ஆண்டில் மூன்று கிண்ணம் எடுத்த அணி இருந்தால் அது அதிர்ஷ்டத்தால் மட்டும் நடந்திருக்காது, அந்த அணியைப் பற்றி பெரியவர்கள் சொல்வதை மரியாதையோடு கேளுங்கள். முதல் சுற்று ஆட்டமின்றித் தாண்டியிருந்தால் ஓர் ஆட்டம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

லீக் வேறு. 10 அணி ஒருமுறை மோதினால் ஒவ்வோர் அணிக்கும் 9 ஆட்டம், மொத்தம் 45. அதிர்ஷ்டம் அங்கே கொஞ்சம் கரைந்துவிடும். கழகத்தின் உண்மையான பலத்தைக் கிண்ண அலுமாரியை விட லீக் அட்டவணைதான் காட்டும். ஆனால் பழைய அட்டவணையை இன்றைய கண்ணால் வாசித்தால் தவறிவிடுவீர்கள்.

முன்பு வெற்றிக்கு 2 புள்ளி. இங்கிலாந்து 1981இல் 3 புள்ளிக்கு மாறியது, உலகக்கிண்ணத்தில் 1994இல். உங்கள் லீக் எப்போது மாறியது என்று பழைய அட்டவணையிலேயே கண்டுபிடிக்கலாம்: வெற்றியை இரண்டால் பெருக்கிச் சமநிலையைக் கூட்டிப் பாருங்கள், பொருந்தினால் பழைய முறை. இந்த மாற்றம் இடங்களையே புரட்டும். ஒரு அணி 10 ஆட்டத்தில் 6 வெற்றி, 4 தோல்வி; இன்னொன்று 4 வெற்றி, 5 சமநிலை, 1 தோல்வி என்று வைப்போம். பழைய முறையில் 12க்கு 13, இரண்டாவது அணி மேலே. புதிய முறையில் 18க்கு 17, முதல் அணி மேலே. அன்று சமநிலைக்கு ஆடிய அணி பயந்த அணி அல்ல. அன்றைய விதிக்கு அதுவே புத்தி.

புள்ளி சமமானால் பார்க்கும் கணக்கும் மாறியிருக்கிறது. இன்று அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிக்கிறோம். இங்கிலாந்தில் 1976 வரை வகுத்தார்கள். 20 அடித்து 10 வாங்கினால் 2. 9 அடித்து 4 வாங்கினால் 2.25. கழித்தால் முதல் அணி, வகுத்தால் இரண்டாவது அணி. 1992 வரை கோல் காப்பாளர் தன் அணிக்காரன் காலால் பின்னே தட்டிய பந்தைக் கையால் பிடிக்கலாம். ஒரு கோல் முன்னுக்கு நின்றுவிட்டால் கடைசிப் பத்து நிமிடத்தை அப்படியே கடத்தலாம். "அந்தக் காலத்தில் 1–0 எடுத்தால் மெட்ச் முடிஞ்சுது" என்று கேட்டால் இந்த விதியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை பொய் சொல்லும் இன்னொரு வழி தண்டனை. இங்கிலாந்தின் லூட்டன் 2008–09 பருவத்தில் விளையாடி எடுத்தது 56 புள்ளி. நிர்வாகக் குற்றங்களுக்காக 30 வெட்டப்பட்டு அட்டவணையில் 26 என்று நின்று, லீக்கை விட்டே வெளியேறியது. காரணம் தெரியாமல் பார்ப்பவர் அதை மோசமான அணி என்பார். நம் ஊர் லீக்குகளிலும் வராத அணிக்கு எதிராகக் கொடுத்த 'வோக் ஓவர்', முறைப்பாட்டில் பறிபோன புள்ளி எல்லாம் அட்டவணையில் சாதாரண எண்ணாகவே நிற்கும். எண் ஒன்று உறுத்தினால் அந்த ஆண்டின் கூட்டக் குறிப்பைத் தேடுங்கள்.

நினைவு வழுக்கும் இடங்கள்

இரண்டு இறுதிப் போட்டிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதுதான் மிகப் பெரிய வழுக்கல். ஒரு வருடம் தோற்ற ஆட்டத்தின் மழையும் மறு வருடம் வென்ற ஆட்டத்தின் கோலும் ஒரே கதையில் வந்துவிடும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. கதையைப் பல தடவை சொல்லும்போது, கடைசியாகச் சொன்ன வடிவமே நினைவாகப் பதிந்துவிடுகிறது. அடுத்தது இரவல் நினைவு: அன்று மைதானத்தில் இல்லாதவர், பத்துத் தடவை கேட்டதால், தானே பார்த்ததாக நம்புவார். மூன்றாவது, அணி சுருங்கிவிடும்; கோல் அடித்தவரும் தலைவரும் தங்குவார்கள், வலது பின்வரிசையில் நின்றவரும் மாற்று ஆட்டக்காரரும் மறைவார்கள். எதிரணியும் அப்படியே மறையும். "பெரிய டீம் ஒன்று" என்று மட்டும் எஞ்சும்.

கோல் எண்ணிக்கையை முதலில் கேட்காதீர்கள். "எத்தனைக்கு வென்றீர்கள்?" என்றால் வாயில் வரும் எண் அன்றிலிருந்து உறைந்துவிடும். "முதல் கோல் எந்தப் பக்கத்துக் கம்பத்தில் விழுந்தது? வெயில் யார் முகத்தில் அடித்தது?" என்று கேளுங்கள். இடத்தைப் பிடித்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்களைப் பிடித்தால் எண் வரும். "நீங்கள்தானே அந்த ஃப்ரீ கிக் அடித்தது?" என்ற மாதிரிக் கேள்வி வேண்டவே வேண்டாம்; பெரியவர் உங்களுக்காக ஓம் என்று சொல்லிவிடுவார்.

ஆண்டு தெரியாவிட்டால் ஆணி அடித்த நிகழ்வுகளைப் பிடியுங்கள். 1978 நவம்பர் சூறாவளிக்கு முன்பா பின்பா? 1983 ஜூலைக்கு? 2002 போர்நிறுத்தத்தின்போதா? 2004 டிசம்பர் 26க்கு முன்பா? கிண்ணியாவுக்கு ஆடப் போனது பாதையிலா (ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவை) பாலத்திலா? பாலத்தில் என்றால் 2009க்குப் பிந்தியது. ரூபவாகினி 1982இல் வந்தது, "அந்தச் சுற்றுப்போட்டி நடந்த வருசம் டிவியில் எந்த உலகக்கிண்ணம்?" என்று கேட்டால் 1986, 1990, 1994 என்று ஒன்றில் வந்து நிற்பார்கள்.

இடப்பெயர்களிலும் ஒரு திறவுகோல் உண்டு. பெரியவர்கள் சொல்லும் லெஃப்ட் அவுட், சென்டர் ஹாஃப், ஃபுல் பேக் எல்லாம் இரண்டு பின்வரிசை, மூன்று நடுவரிசை, ஐந்து முன்வரிசை என்று ஆடிய பழைய அமைப்பின் பெயர்கள். ஜேர்சி எண்களும் அதிலிருந்தே பிறந்தவை: 1 கோல் காப்பாளர், 2ம் 3ம் பின்வரிசை, 4, 5, 6 நடுவரிசை, 7 முதல் 11 முன்வரிசை, அதில் 7 வலது ஓரம், 11 இடது ஓரம். படத்தில் எண் தெரிந்தால் அவர் நின்ற இடத்தை ஊகிக்கலாம். ஆனால் அணி மாற்றி அமைத்து ஆடியிருந்தால் எண் ஏமாற்றும், ஆகவே வெற்றுத் தாளில் மைதானம் வரைந்து, "நீங்கள் எங்கே, உங்களுக்கு வலது கைப்பக்கம் யார்?" என்று ஒவ்வொருவராகப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மறந்துபோன வலது பின்வரிசைக்காரர் அப்போதுதான் கிடைப்பார்.

எழுதி வைக்கும் வேலை

இதை ஒக்டோபருக்கு முன் தொடங்குங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் திருகோணமலையில் கடதாசி ஈரம் குடிக்கும். கடல் உப்பு சேர்ந்தால் இரும்புக் கிளிப்பும் ஸ்டேப்பிள் கம்பியும் துருப்பிடித்து தாளைத் தின்னும். முதல் நாள் வேலை கம்பிகளைக் கழற்றுவது. தாளின் பின்புறத்தில் மடிந்திருக்கும் கம்பியின் கால்களை மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்திவிட்டு, முன்புறமாக இழுங்கள். நிமிர்த்தாமல் இழுத்தால் தாள் கிழியும்.

படங்களை லமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஆர்வத்தில் செய்யப்படும் இந்தத் தவறுதான் அதிகப் படங்களைக் கொன்றிருக்கிறது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே ஈரம் அகப்பட்டால் படம் உள்ளிருந்தே அழியும். ஏற்கெனவே லமினேட் ஆனதை அப்படியே விட்டுப் பிரதி மட்டும் எடுங்கள். ஒட்டும் பக்கமுள்ள அல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தை நகத்தால் கிளப்ப வேண்டாம். மெழுகு தடவாத பல் இடுக்கு நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு அறுப்பதுபோல மெதுவாக நகர்த்துங்கள். வரவில்லை என்றால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள்.

ஸ்கானரில் தபாலட்டை அளவும் அதற்கு மேலும் உள்ள படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, அதைவிடச் சின்னதுக்கு 600. கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறத்திலேயே எடுங்கள். பழுப்புக் கறையையும் பின்னால் எழுதிய மையையும் பிரித்தறிய அது உதவும். பின்புறத்தையும் தவறாமல் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஸ்கானர் இல்லையென்றால் கைத்தொலைபேசி போதும். ஃபிரேம் கண்ணாடியைக் கழற்றி, வெயில் படாத வெளிச்சமுள்ள விறாந்தையில் படத்தைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வெளிநாட்டிலிருப்பவரிடம் படம் கேட்டால் வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் செயலி அதை நசுக்கிவிடும், பின்வரிசையில் நிற்பவரின் முகம் போய்விடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், பிறகு நிகழ்வு, பிறகு எண். ஆண்டு உறுதியில்லை என்றால் 'சுமார்' என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை விட்டால் பத்து ஆண்டுக்குப் பிறகு அது உண்மையாகிவிடும். பிரதி மூன்று இருக்கட்டும்: கணினியில் ஒன்று, தனி டிரைவில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. சுனாமி எத்தனை வீடுகளின் அல்பங்களைக் கொண்டுபோனது என்று கடற்கரை ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது பிரதி அதற்காகவே.

பத்திரிகைச் செய்தி வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய தாள்கள் இருக்கின்றன. 'எண்பதுகளில் ஒரு ஃபைனல்' என்று போனால் ஒரு நாளும் முடியாது. மாதம் வரையாவது சுருக்கிக்கொண்டு போங்கள். ஆட்டம் முடிந்து பத்து நாள் வரையான இதழ்களைப் பாருங்கள், வெளியூர் விளையாட்டுச் செய்தி பிந்தித்தான் அச்சாகும். 1930இல் தொடங்கிய வீரகேசரியையும் 1932இல் தொடங்கிய தினகரனையும் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் விடுபட்ட பெயர் மற்றதில் இருக்கலாம். போவதற்கு முன் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் பாடசாலை மலர்களையும் பழைய இதழ்களையும் தேடிவிடுங்கள், அலைச்சல் மிச்சம். செய்தித்தாள் கடதாசி தானாகவே மஞ்சளாகி நொறுங்கும் தன்மையுள்ளது, வெட்டி வைத்த துண்டுகளைப் படங்களோடு ஒரே உறையில் வைக்காதீர்கள், மஞ்சள் படத்துக்கும் ஏறும்.

வீடு வீடாகப் போகும்போது ஆட்டக்காரரிடம் மட்டும் கேட்டுத் திரும்பி வராதீர்கள். ஜேர்சி தோய்த்த அம்மா, படத்தை அல்பத்தில் ஒட்டிய தங்கச்சி, பதக்கத்தைச் சேலைக்கடியில் வைத்திருக்கும் மனைவி ஆகியோரிடம்தான் பொருள் இருக்கும். திகதி அவர்களுக்கே சரியாகத் தெரியும்: "மூத்தவன் பிறந்து நாப்பதாம் நாள், இவர் மெட்சுக்குப் போயிட்டார்." பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் ஆட்டம் நடந்த திகதி கிடைத்துவிடும்.

எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. அச்சில் இருந்தால் 'அ'. இருவர் தனித்தனியாகச் சொன்னால் 'ஆ'. ஒருவர் மட்டும் சொன்னால் 'இ'. சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் அதை இருவராகக் கணக்கிடாதீர்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் தலையாட்டிவிடுவார். 'இ' போட்ட தகவலை எறிய வேண்டாம். நாளைக்கு ஒரு படம் வந்து அதை 'அ' ஆக்கலாம்.

வரலாறு யாருடையது

கழகம் பிரிந்தால், பெயர் மாறினால், ஒரு கிராமம் இடம்பெயர்ந்து இரண்டாக நின்றால், பழைய கிண்ணங்கள் யாருக்கு என்ற கேள்வி வரும். லண்டனின் விம்பிள்டனில் இது நடந்தது. 1977 வரை லீக்கிலேயே இல்லாத கழகம் அது. 1986இல் முதற்பிரிவு, 1988இல் அவ்வருட லீக் சம்பியன் லிவர்பூலை 1–0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம். பிறகு மைதானத்தை இழந்தது. கழகத்தை மில்டன் கீன்ஸ் என்ற வேறு நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், 2002இல் ரசிகர்கள் தாங்களே புதுக் கழகம் தொடங்கிக் கீழ்மட்டத்திலிருந்து ஆடினார்கள். 2007இல் மில்டன் கீன்ஸ்காரர் பழைய வெற்றிகளுக்கு உரிமை கோருவதை விட்டு, கிண்ணப் பிரதிகளையும் நினைவுப் பொருட்களையும் விம்பிள்டன் இருக்கும் மேர்ட்டன் நகரசபைப் பகுதியிடம் கொடுத்தார்கள். 2020இல் புதுக் கழகம் பழைய தெருவுக்கே புது மைதானத்தோடு திரும்பியது. பதிவிலக்கம் ஒரு பக்கம் போனது, வரலாறு ஊரோடு நின்றது. பிரிந்த கழகங்கள் உள்ள இடத்தில் நாங்கள் சொல்லும் வழி எளியது: கிண்ணத்தை யார் வைத்திருந்தாலும் பதிவின் முழுப் பிரதி இரு பக்கமும் இருக்கட்டும். கிண்ணத்தைப் பங்குபோட முடியாது, பதிவைப் பங்குபோடலாம்.

இன்றைய அணியிடம் எப்படிச் சொல்வது

"உன்ர வயசில அவர் எப்பிடி ஆடினார் தெரியுமா" என்பது எந்தப் பதினேழு வயதுப் பையனையும் முன்னேற்றியதில்லை. ஆளோடு ஆளை ஒப்பிட்டால் அவன் எதையும் செய்ய முடியாது. நிலைமையோடு நிலைமையை ஒப்பிட்டால் செய்ய ஏதாவது கிடைக்கும். ஒன்பது நிரல் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். அன்று வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி, இன்று இரண்டு என்று அவனே பார்க்கட்டும். மூன்றாவது நாளை எப்படிச் சேர்ப்பது என்பது குழு ஒரு கூட்டத்தில் பேசி முடிக்கக்கூடிய விஷயம்.

பழையவர்களையும் வரவழைக்க ஒரு வழி உண்டு. ஒரு சுற்றுப்போட்டி நாளில், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, நாலைந்து குழுப்படங்களை ஏ3 தாளில் அச்சிட்டு நிழலான இடத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண். கீழே எண் வரிசை. தெரிந்த பெயர்களை எழுதி, தெரியாத எண்ணுக்கு நேரே வெறும் கோடு. கோடு வெறுமையாக இருப்பதைப் பார்த்தால் பெரியவர்கள் நகரமாட்டார்கள். பேனை வேண்டாம், பென்சில் வையுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வந்து மாற்றுவார், அடுத்தவர் திரும்ப மாற்றுவார். மாற்றியதை அழிக்காமல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு பெயரும் உங்களுக்குத் தேவை. அரைமணிக்கு ஒரு தடவை தாளைப் படமெடுங்கள். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் அரைநேரம் முடிவதற்குள் யாருடைய சட்டைப்பையிலாவது போய்விடும்.